ஒன்றரை மணி நேரத்தில் கடல்

பெங்களூரில் யாரிடம் தூரம் கேட்டாலும் நேரத்தில்தான் பதில் வரும். லிங்கராஜபுரத்தில் பிறந்து, வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து, வயதின் பெரும்பகுதியை இரண்டுக்கும் நடுவே கம்பெனி வண்டியில் கழித்தவன் நான். ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒன்றரை மணி நேரம் என்பேன். மழை என்றால் இரண்டரை. கிலோமீட்டர் எத்தனை என்று கேட்டால் விழிப்பேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இந்த வியாதியை ஊர் எல்லைக்கு வெளியே எடுத்துப்போய், மலையிலிருந்து கடல்வரை கட்டின பெண்டாட்டியையும் நடக்கவைத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

எல்லாம் அந்த கம்பெனி வண்டியில் ஆரம்பித்தது. சாயங்காலம் சிக்னலில் வண்டி நின்றுவிட்டால் நான் இறங்கி நடந்துவிடுவேன். நடந்து, வழியில் ஒரு காபி குடித்து, இரண்டு நிறுத்தம் தள்ளி அதே வண்டி ஊர்ந்து வரும்போது மறுபடி ஏறிக்கொள்வேன். டிரைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அது பரிதாபத் தலையாட்டல் என்று இப்போது தெரிகிறது. அப்போது மரியாதை என்று நினைத்தேன்.

ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல் கணக்குப் போட்டேன். ஃபோன் மேப்பில் பார்த்தால் வீட்டுக்கும் ஆபீசுக்கும் பதினாறு கிலோமீட்டர். வண்டிக்கு ஒன்றரை மணி நேரம். ஆக, வண்டியின் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல். அந்த வண்டியை நான் நடந்தே முந்துகிறேன். ஆகவே என் வேகம் மணிக்குப் பன்னிரண்டு. சாதாரண மனுஷன் நாலைந்து கிலோமீட்டர்தான் நடப்பான் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். சாதாரண மனுஷனைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்? (இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். என் மாமனார் வீட்டில் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள்.) ஆபீசில் என் வேலையும் இதுதான்: ஒரு காரியம் முடிய எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுக் கொடுப்பது. நான் சொன்ன தேதி ஒன்றுகூட பலித்ததில்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி ஜெசிந்தா மர்பி டவுன்காரி, பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளோடு வேலை பார்க்கும் ரீனாவுக்குச் சொந்த ஊர் மேற்குக் கடற்கரையில் கும்டாவுக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். பிரசவத்துக்கு அங்கே போன ரீனா, பிறந்த பெண் குழந்தைக்கு ஜெசிந்தாதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று ஃபோன் செய்தாள். ஜெசிந்தா அன்றைக்கு அழுதாள். அவள் குடும்பத்தில் எத்தனையோ ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூத்த அண்ணி, இளைய அண்ணி, சித்தி மகள் என்று யாருக்காவது முறை போய்விடும். இவள் ஓரமாக நின்று குடை பிடிப்பாள். முதல் தடவையாக ஒருத்தி இவளைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தாள்.

எங்கள் வழக்கத்தில் குழந்தைக்கு வெள்ளை உடுப்பு கொண்டுபோவது ஞானத்தாயின் பொறுப்பு. ஜெசிந்தா அதற்காக டெய்லர் கடைக்கு நாலு முறை நடந்தாள். கழுத்தில் வைத்த லேஸ் குழந்தைக்கு உறுத்தும் என்று இரண்டு தடவை பிரிக்கவைத்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஞானஸ்நானம். சாமியாருக்குப் பதினொன்றரைக்கு வேறு ஊரில் பூசை இருந்ததால் அவரால் ஐந்து நிமிஷம்கூட காத்திருக்க முடியாது என்று ரீனா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வராவிட்டால் ரீனாவின் நாத்தனார் நின்றுவிடுவாள். பிறகு ஜெசிந்தா ஆயுசுக்கும் அந்தக் குழந்தைக்கு வெறும் ஆன்ட்டிதான்.

ரயிலில் போய் கும்டாவில் இறங்கினால் முடிந்துபோகிற விஷயம். அவளும் அதைத்தான் சொன்னாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். மூன்று நாள் லீவ் போடுவோம், சிர்சி பக்கம் மலைமேல் இறங்கி, காடு வழியாகக் கீழே வந்து, கடலைப் பிடித்து, கரையோரமாக நடந்து நேராக ரீனா வீட்டு வாசலில் போய் நிற்போம். வழிகாட்டி கிடையாது, கூட்டம் கிடையாது, நம் வழியை நாமே பார்த்துக்கொள்ளும் நடைப்பயணம். இப்படி நான் அரைமணி நேரம் பேசினேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தன மணிக்கு அங்க இருப்போம்?"

"சனிக்கிழம சாயங்காலம் நாலு மணி. அதுலயும் டீ குடிக்க ரெண்டு மணி நேரம் சேர்த்திருக்கேன்."

அவள் என்னை நம்பினாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதுதான் குத்துகிறது.

வழிப் புத்தகத்தை நானே தயாரித்தேன். பதினான்கு பக்கம். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, முன்னட்டைக்கு பிளாஸ்டிக் உறை. ஆதாரங்கள் இரண்டு: ஃபோனில் தெரிந்த சாட்டிலைட் படம், யாரோ ஒரு முகம் தெரியாத ஆசாமி இணையத்தில் எழுதிவைத்த குறிப்பு. அவர் நடந்தது பிப்ரவரியில். நாங்கள் கிளம்பியது மழை விட்டும் விடாத அக்டோபரில். மலைப்பாதை என்பதால் என் வேகத்தைப் பெருந்தன்மையோடு பன்னிரண்டிலிருந்து பத்தாகக் குறைத்தேன். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு விதி: வழியில் யாரிடமும் வழி கேட்கக் கூடாது. கேட்டால் அப்புறம் என்ன சொந்தமாக நடக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு பஸ் எங்களை மலைமேல் ஒரு பாக்குத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. அன்றைய நடை பதினெட்டு கிலோமீட்டர். அட்டவணைப்படி பத்து மணிக்குள் முடிந்துவிடும். பிறகு 'குளியல், ஓய்வு, இயற்கையை ரசித்தல்' என்று எழுதியிருந்தேன்.

பத்து மணிக்கு நாங்கள் பஸ் இறக்கிவிட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்தால் இன்னும் தெரிந்தது. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் 'பலா மரத்தில் இடது பக்கம் திரும்பவும்' என்று இருந்தது. அந்தக் காட்டில் பலா மரத்தைத் தவிர வேறு மரம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. முதல் மரத்தில் திரும்பி ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போனோம். இரண்டாவதில் திரும்பி அதே கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்தோம். மாடு எங்களை இரண்டாம் தடவை பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டது. தோட்டத்தில் நின்றவரிடம் கேட்கலாமே என்றாள் ஜெசிந்தா. விதியை ஞாபகப்படுத்தினேன். நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிய நேரத்தில் அவள் கன்னடத்தில் கேட்டு முடித்துவிட்டாள். எழுந்து பார்த்தால் இரண்டு பேரும் என்னைப் பார்த்து அனுதாபமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அட்டைகள். அட்டைப் பூச்சி என்று ஒன்று இருப்பதே என் பதினான்கு பக்கத்தில் இல்லை. பிப்ரவரி ஆசாமிக்கு அது கிடைக்கவில்லை, எங்களுக்குச் சேர்த்துவைத்திருந்தது. ஜெசிந்தா ஒரு பொட்டலம் உப்பு கொண்டுவந்திருந்தாள் (அவள் அண்ணன் சொல்லி அனுப்பியது). மாற்றி மாற்றி ஒருவர் காலில் மற்றவர் உப்பு தேய்த்தபடி நடந்தோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு அக்கறையாக ஒருவரை ஒருவர் கவனித்ததில்லை.

யாணா என்கிற இடத்தின் கரும்பாறைகளை எட்டியபோது மணி ஒன்று. காட்டுக்கு நடுவே வானத்தைத் தொடுகிற மாதிரி நின்றன. இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்தோம். இவ்வளவு நேரம் பட்டதெல்லாம் பரவாயில்லை என்று அவளே சொன்னாள். நான் அங்கேயே புத்தகத்தை மூடி, ஒரு ஜீப் பிடித்து, அவளைக் கடலோரத்தில் கொண்டுபோய் விட்டிருந்தால் இன்றைக்கு ஒரு நல்ல கணவனாக வாழ்ந்துகொண்டிருப்பேன். தங்க வேண்டிய வீட்டை இருட்டுகிற நேரத்தில் அடைந்தோம். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னீர்களே என்று அந்த வீட்டம்மா கேட்டார். காலையா, ராத்திரியா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

தாமதமான வேலையை அடுத்த கட்டத்தில் பிடித்துவிடலாம் என்று சொல்வது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். நானும் சாப்பிட்டு முடித்து, பேனாவால் அட்டவணையைத் திருத்தினேன். நாளைக்குச் சமவெளி, இறக்கம் வேறு. இன்றைக்கு விட்டதை நாளைக்குப் பிடித்துவிடலாம். சனிக்கிழமைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் மிச்சமிருந்தது. என் கணக்கில் நாலு மணி நேரத்துக்குள்.

சனிக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மத்தியானத்துக்கு மேல் நான் காலை ஊன்றவில்லை, வைத்து வைத்து எடுத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்கப் பொன்னாக இருந்தது. ஜெசிந்தா பையை இறக்கிப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மலையிலிருந்து கடல்வரை நடந்தே வந்துவிட்டோம் என்றபோது அவள் குரலில் நிஜமான பெருமை இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள்.

இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருந்தது. ஒன்றரை மணி நேரம் என்றேன். அவள் கடலைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தாள்.

அன்றைக்கு அதற்குமேல் நடக்க முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. கரையோரத்தில் ஓர் அறை எடுத்தோம். ஜெசிந்தா உடுப்புப் பொட்டலத்தைப் பிரித்து, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடித்து பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"வின்சி, உன்கூட நடக்கறது எனக்குப் புடிச்சிருக்கு. சத்தியமா. ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு நான் அங்க இருக்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

இருப்போம் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ரீனாவின் கணவர் மெல்வின் ஃபோன் செய்தார். எங்கே இருக்கிறீர்கள், இப்போதே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், அரைமணி நேரம்கூட ஆகாது என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளியலறையில் குழாயை மூடச் சொல்லி, பையை மூட்டைகட்டி, வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "வேண்டாம் மெல்வின், காலைல நடந்தே வந்துடறோம். ஒன்றரை மணி நேரம்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிலிருந்து பலமுறை யோசித்திருக்கிறேன். புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் 'நடந்தே வந்து சேர்ந்தோம்' என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டேன். காரில் போய் இறங்கினால் பைண்டிங் போட்டது வீணாகிவிடும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஜெசிந்தா குளித்துவிட்டு வந்தபோது ஃபோனில் யார் என்று கேட்டாள். மெல்வின், சும்மா விசாரித்தார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் ஐந்தரைக்குக் கிளம்பினோம். என் கொப்புளத்தோடு நடந்தாலும் பத்து மணிக்குள் போய்விடக்கூடிய தூரம்தான், உண்மையைச் சொன்னால். எட்டே முக்காலுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர்தான் பாக்கி. ஞானஸ்நானம் நடக்கிற கோயிலின் வெள்ளைக் கோபுரம்கூட தென்னை மரங்களுக்கு மேலே தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் குறுக்கே ஓர் ஓடை வந்தது. கடலில் கலக்கிற சின்ன ஓடை. 'முழங்கால் அளவு தண்ணீர், கடந்துவிடலாம்' என்று புத்தகம் சொன்னது. நான் பேண்டைச் சுருட்டிக்கொண்டு நாலடி வைத்தேன். ஐந்தாவது அடியில் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது.

கடல் தண்ணீர் நேரத்துக்கு நேரம் ஏறும் இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அது நான் போகிற ஓடைக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்குக் குழாயில் காவேரித் தண்ணீர் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற குடும்பம் எங்களுடையது. தண்ணீர் வருகிற நேரம் பார்த்து குடம் வைத்தே வளர்ந்தவன், கடலுக்கு மட்டும் நேரம் பார்க்கவில்லை.

கரையில் ஒரு மீன்காரம்மா ஸ்கூட்டரில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஜெசிந்தா என் ஷூ லேசுக்காகக் காத்திருக்கவில்லை, நேராகப் போய்க் கேட்டாள். தண்ணீர் வடிய மத்தியானம் ஆகும், பாலம் நாலு கிலோமீட்டர் மேலே இருக்கிறது என்றார் அந்தம்மா. அதே நொடியில் ஜெசிந்தாவின் ஃபோனுக்கு சிக்னல் வந்து, தேங்கிக் கிடந்த செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாக மெல்வின் அனுப்பியிருந்தது: நேற்று கார் கொண்டுவருகிறேன் என்றதற்கு வின்சென்ட் வேண்டாம் என்றார், ஃபோனும் போகவில்லை, எங்கே இருக்கிறீர்கள், நாங்கள் கோயிலுக்குக் கிளம்புகிறோம்.

அவள் அதைப் படித்தாள். ஃபோனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் மார்புவரை நனைந்து, கையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு, "அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும்தான் நான் செய்தது என்ன என்று எனக்கு முழுசாக விளங்கியது.

கன்னடத்தில் அவள் மீன்காரம்மாவிடம் சொன்னது முழுசாகக் காதில் விழவில்லை. வேகமாகச் சொன்னாள். "ஞானஸ்நானம்", "பத்து மணி" என்பது மட்டும் பிடிபட்டது. அந்தம்மா என்னையும் என் பையையும் சொட்டச் சொட்ட நின்ற என் கோலத்தையும் பார்த்துவிட்டு, "ஒப்ரே பன்னி" என்றார். ஒருத்தர் மட்டும் வாங்க என்று அர்த்தம். அந்த ஒருத்தர் யார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஜெசிந்தா தன் பையிலிருந்து உடுப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, மீன்பெட்டிக்கும் அந்தம்மாவுக்கும் நடுவே இருந்த சாண் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மீன்தண்ணீர் படக்கூடாதென்று பொட்டலத்தை ஒரு கையால் தலைக்குமேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நடந்தே வா" என்றாள்.

ஸ்கூட்டர் தென்னந்தோப்புக்குள் திரும்பும்வரை அந்த வெள்ளைப் பொட்டலம் தெரிந்தது.

பாலத்துக்கு நாலு, அங்கிருந்து திரும்ப நாலு, அப்புறம் ஐந்து. பதின்மூன்று கிலோமீட்டர் தனியாக நடந்தேன். வழியில் ஒன்பது பேரிடம் வழி கேட்டேன். அதில் இரண்டு பேரிடம் வழி தெரிந்தும் கேட்டேன், மனுஷக் குரல் கேட்க வேண்டும்போல் இருந்தது. பத்து மணிக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். சிக்னல் இல்லை. அவள் போய்ச் சேர்ந்தாளா, நாத்தனார் நின்றுவிட்டாளா என்று தெரியாமல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் ஜெபித்தது மாதிரி பரீட்சைக்குக்கூட ஜெபித்ததில்லை. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ரீனா வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தபோது மணி இரண்டேகால். முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். பந்தலின் நடு நாற்காலியில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளை உடுப்போடு குழந்தை. பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவள் கோயில் வாசலில் இறங்கிவிட்டாளாம். குழந்தையிடம் மீன் வாசனை லேசாக அடித்தது. அந்த ஊரில் அதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. மீன்காரம்மாவையும் பந்தலில் உட்காரவைத்து இலை போட்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, பரவாயில்லையே, வந்துவிட்டானே என்பதுபோல் தலையாட்டினார். ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சியா?" என்றாள். பாதி மன்னித்துவிட்டாள் என்று புரிந்தது. மீதிப் பாதிக்கு கிறிஸ்துமஸ்வரை ஆயிற்று.

மெல்வின் நல்ல மனுஷன். கோயில் படிக்கட்டில் காலையிலேயே குடும்பப் படம் எடுத்தாகிவிட்டது, அதில் ஞானத்தாயின் கணவன் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று ஃபோட்டோகிராஃபரை அழைத்தார். தனியாக எடுத்துக் குடும்பப் படத்தில் ஒட்டிவிடலாம் என்றார் அவர். என்னைச் சுவரோரமாக நிறுத்தினார். கேமராவைத் தூக்கியவர் என் பேண்டைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சேறு, அதன்மேல் அட்டை கடித்த ரத்தக்கறை. "மேல மட்டும் போதும் சார்" என்று சொல்லி இடுப்போடு நிறுத்திக்கொண்டார்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. படிக்கட்டில் இருபத்து மூன்று பேர் தலை முதல் கால்வரை நிற்கிறார்கள். ஜெசிந்தா குழந்தையை ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் பக்கத்தில் நான் இடுப்புவரைக்கும் இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே கோயில் கதவின் மரவேலைப்பாடு துல்லியமாகத் தெரிகிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் வழி கேட்கிறவன் முகத்தோடு நிற்கிறேன். கழற்றிவிடலாமே என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது ஒன்றுதான் உள்ளதை உள்ளபடி காட்டுகிற படம் என்று ஜெசிந்தா மறுத்துவிட்டாள்.

ரீனா குடும்பம் இப்போது எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. குழந்தைக்கு ஆறு வயது ஆகிவிட்டது. போன வருஷம் ஒருநாள் சோபாமேல் ஏறி நின்று படத்தை வெகுநேரம் ஆராய்ந்தவள், "ஞானம்மா, அங்கிளோட கால் எங்க?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கால் அன்னைக்கு இன்னும் வந்து சேரல கண்ணு. பின்னால நடந்து வந்துகிட்டிருந்துச்சு."

குழந்தை அதை அப்படியே நம்பிவிட்டாள். அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டுக்கு நான் போனாலும் வாசலில் ஓடிவந்து முதலில் குனிந்து என் காலைத்தான் பார்க்கிறாள். இரண்டும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, உள்ளே திரும்பி, "முழுசா வந்துட்டாரு" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கிறாள். அதற்கப்புறம்தான் ஜெசிந்தா எனக்குத் தட்டு எடுத்து வைக்கிறாள்.